பனையோலைப் பெட்டிக்கும் பராமரிப்பு வேண்டும்

"ரீச்சர், இது எத்தினை நாளைக்கு இருக்கும்?"

பனையோலைப் பெட்டியோ பின்னல் விரிப்போ வாங்க வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பெண்களுக்குக் கைவேலை பழக்கி வரும் எனக்கு இதற்கு ஒரே பதில்தான் உண்டு. "நீங்கள் பார்க்கிற பார்வையைப் பொறுத்தது." சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். ஒரே கையால், ஒரே நாளில் இழைத்த இரண்டு பெட்டிகளில் ஒன்று ஒரு மாரியோடு குப்பைக்குப் போவதையும், மற்றையது இருபது வருடங்கள் கழிந்தும் வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

அன்புச் சகோதரிகளே, கைவேலைப் பொருட்களை வாங்குவது பற்றியும் செய்வது பற்றியும் நாம் நிறையப் பேசுகிறோம். அவற்றைத் துப்புரவாக்குவது, பேணுவது பற்றிப் பேசுவது குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஓலை ஏன் பழுதாகிறது?

பனையோலைப் பொருட்களுக்கு இரண்டு வகை ஓலைகள் பயன்படுகின்றன. விரியாத இளங்குருத்தை வெட்டிக் காயவைத்துப் பெறுவது குருத்தோலை. வெளிர் நிறமும் மென்மையும் கொண்டது. அழகுப் பெட்டிகள், கைப்பைகள், தொப்பிகள் இதில் செய்யப்படுகின்றன. முற்றிய ஓலை சார்வோலை. கடகம் போன்ற பாரம் தாங்கும் பொருட்களுக்கு இது ஏற்றது. இரண்டும் மரத்திலிருந்து வந்தவை. காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சும், வெய்யில் கூடினால் ஈரத்தை விட்டு முறுகும்.

காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபதைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் ஓலையில் பூஞ்சணம் வளரத் தொடங்கும். வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்கள் இப்படிப்பட்டவை. கொழும்பு, காலி, களுத்துறைப் பக்கங்களில் வருடத்தின் பெரும் பகுதி இப்படித்தான். எனவே யாழ்ப்பாணத்து வெய்யிலில் வளர்ந்த ஓலை கொழும்பு வீட்டுக்குப் போகும்போது அதற்கு மேலதிகக் கவனிப்பு வேண்டும்.

எங்கள் அம்மம்மாமார் இதற்கெல்லாம் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். அவர்களுடைய பெட்டிகளும் சுளகுகளும் அடுப்பங்கரையிலேயே தொங்கின. விறகடுப்பின் சூடு ஓலையை எப்போதும் உலர்வாக வைத்தது. புகை பூச்சிகளை அண்டவிடவில்லை. பராமரிப்பு என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இன்று வாயு அடுப்பும் ஓடு பதித்த சமையலறையும் வந்துவிட்டன. புகை போனது எங்கள் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் புகை செய்த வேலையை இனி எங்கள் கைதான் செய்ய வேண்டும்.

திருப்பி வந்த பெட்டிகள்

இது ஏன் சிறிய விடயமல்ல என்பதற்கு ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். வன்னியில் மூன்று பிள்ளைகளுடன் தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் ஒரு தங்கை என்னிடம் பழகியவர். கை மிகச் சுத்தம். மூடியுள்ள சிறிய பெட்டிகளை அவர் இழைத்தால் மூடியும் பெட்டியும் சொல்லி வைத்தாற்போல் பொருந்தும். தெற்கிலுள்ள ஒரு கடைக்கு அவர் பெட்டிகள் அனுப்பி வந்தார். ஒரு மாரி முடிந்ததும் ஒரு பொதி திரும்பி வந்தது. பெட்டிகளின் அடியெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். "பழுதான ஓலையில் செய்திருக்கிறீர்கள்" என்று ஒரு துண்டும் கூடவே வந்தது. அதன்பின் அந்தக் கடை கட்டளை தரவில்லை.

நான் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஓலையில் பிழையில்லை. ஒவ்வொரு பெட்டியும் இறுக்கமான பொலித்தீன் பைக்குள் ஒட்டப்பட்டு இருந்தது. அப்படி ஒட்டியது கடையில். தூசி படாமலிருக்க என்று செய்திருக்கிறார்கள். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லை. களஞ்சிய அறையிலும் காற்றோட்டம் இருந்திருக்காது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நட்டம் முழுவதும் விழுந்தது அந்தத் தங்கையின் தலையில். பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கென்று நம்பியிருந்த காசு அது.

ஒரு பொருளைப் பராமரிக்கத் தெரியாவிட்டால் பொருள் மட்டும் கெடுவதில்லை. செய்தவருடைய பெயரும் கெடுகிறது. "ஓலைச் சாமான் நிலைக்காது, பிளாஸ்ரிக் வாங்குவோம்" என்று ஒருவர் முடிவு செய்தால், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் கை சும்மா இருக்க வேண்டி வருகிறது.

நாளாந்தக் கவனிப்பு

ஓலைப் பொருட்களுக்குத் தேவையான நாளாந்தப் பராமரிப்பு மிகக் குறைவு. ஆனால் அதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

தூசியைக் காய்ந்த மென்மையான தூரிகையால் தட்டுங்கள். பழைய பற்தூரிகை அல்லது நிறம் பூசும் அகலத் தூரிகை போதும். இழை ஓடும் திசையில் துடையுங்கள்; குறுக்கே தேய்த்தால் ஓலையின் விளிம்பு பிசிறும்.

கை அழுக்குப் பட்டிருந்தால், துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒற்றி எடுங்கள். உடனே காய்ந்த துணியால் துடைத்துக் காற்றில் வையுங்கள். பெட்டியைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டாம். சாயமிட்ட ஓலையென்றால் இன்னும் கவனம். முதலில் அடிப்பக்கத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் தண்ணீரே காட்டக்கூடாது. காய்ந்த தூரிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை காலை வெய்யிலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். நண்பகல் வெய்யிலில் நாள் முழுவதும் போடாதீர்கள். சாயம் வெளிறும், ஓலை முறுகி வெடிக்கும். மாரி காலத்தில் வெய்யில் எறிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.

பொலித்தீன் பையில் வைக்கவே வேண்டாம். பழைய பருத்தித் துணியில் அல்லது கடதாசியில் சுற்றுங்கள். அலுமாரியில் வைத்தால் சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். சீமெந்து நிலத்தில் நேரே வைத்தால் நிலத்தின் ஈரம் ஏறும். ஒரு பலகையின் மேல் வையுங்கள். பெட்டிக்குள் அடுப்புக் கரித் துண்டுகள் சிலவற்றைத் துணியில் முடிந்து போட்டு வைப்பது பழைய வழக்கம். கரி ஈரத்தையும் மணத்தையும் ஓரளவு இழுக்கும். இடைக்கிடை அதை வெய்யிலில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

நெளிந்துபோன பெட்டியைக் காய்ந்த நிலையில் வளைத்து நிமிர்த்த முயன்றால் ஓலை முறியும். இழைக்கும் பெண்கள் ஓலையைப் பனியில் போட்டுப் பதப்படுத்திய பின்புதான் கை வைப்பார்கள். அதேபோல் ஈரத் துணியைச் சிறிது நேரம் பெட்டியின் மேல் சுற்றி வையுங்கள். ஓலை இளகியதும் உள்ளே கடதாசியை அடைத்து வடிவத்துக்குக் கொண்டுவந்து, நிழலில் காயவிடுங்கள்.

பூஞ்சணம் பிடித்துவிட்டால்?

பலர் கண்டவுடன் ஈரத்துணியால் துடைப்பார்கள். அது பூஞ்சணத்தை இழைகளுக்குள் அழுத்தித் தேய்க்கும். முதலில் பொருளைக் காயவிட வேண்டும். காய்ந்த பூஞ்சணம் தூளாக உதிரும்.

வீட்டுக்கு வெளியே, காற்று உங்களிடமிருந்து அப்பால் வீசும் பக்கமாக நின்று வேலை செய்யுங்கள். முகக்கவசம் அணியுங்கள். தொய்வு, இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யாதீர்கள்; குழந்தைகளையும் தூர வையுங்கள். மென் தூரிகையால் தட்டி உதிர்த்த பின், பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். சாயமிட்ட ஓலையென்றால் மறைவான இடத்தில் சோதித்த பின்பே இதைச் செய்யுங்கள். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்புக்கு அருகில் வேண்டாம். பின் காலை வெய்யிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஒரு வாரம் தனியே வைத்துக் கவனித்துவிட்டு மற்றப் பொருட்களோடு சேருங்கள்.

கறுப்புப் புள்ளிகள் முழுவதும் போகாமல் இருக்கலாம். அது பூஞ்சணம் விட்டுச் சென்ற தழும்பு. அலங்காரப் பொருளென்றால் அதோடு வைத்திருக்கலாம். உணவு வைக்கும் பெட்டியென்றால் பூஞ்சணம் பிடித்த பின் உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

சமையலறைப் பொருட்கள்

நீத்துப்பெட்டி, சுளகு, இடியப்பத் தட்டு போன்றவை நாளும் பயன்படுபவை. இவற்றுக்குச் சாயமிடாத ஓலையையே வாங்குங்கள். புதிய நீத்துப்பெட்டியை முதலில் கொதிநீர் ஊற்றி அலம்பி, மா போடாமல் ஒருமுறை ஆவியில் வைத்து எடுத்தால் பச்சை ஓலை மணம் குறையும். பிட்டு அவித்தவுடன், மா காய்ந்து ஒட்டுமுன் வெந்நீரால் கழுவுங்கள். சவர்க்காரம் வேண்டாம்; ஓலை அதன் மணத்தை உறிஞ்சி அடுத்த பிட்டுக்குக் கொடுத்துவிடும். ஒட்டிய மாவைப் பொச்சுத் தும்பால் மெதுவாக எடுத்து, வெய்யிலில் கவிழ்த்துக் காயவைத்து, காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

சுளகைத் தண்ணீரில் போடும் தேவை வருவதில்லை. புடைத்த பின் தட்டித் துடைத்துத் தொங்கவிட்டாலே போதும்.

பூச்சிகள் வந்தால்

பெட்டிக்குக் கீழே மெல்லிய மாத்தூள் போல் எதுவும் கொட்டியிருந்தால், விளிம்புச் சட்டத்தையோ கைபிடியையோ சிறு வண்டு துளைக்கிறது என்று பொருள். மருந்து அடிப்பதைவிடப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. பொருளை நன்றாக உலர்த்தி, இந்த ஒரு தேவைக்கு மட்டும் பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கக் கட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் இரண்டு வாரங்கள் வையுங்கள். அங்கே குளிர் சுழியத்துக்குக் கீழ் 18 பாகை அளவில் இருக்க வேண்டும். வண்டும் முட்டையும் அழியும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டால்தான் நீர்த்துளிகள் பொருளின் மேல் படியாது. அருங்காட்சியகங்களிலும் இம்முறையைக் கையாள்கிறார்கள். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இடங்களில் இது சரிவராது.

காய்ந்த வேப்பிலை பூச்சியை ஓரளவு விலக்கும், ஆனால் கொல்லாது. அலுமாரியில் போடும் நப்தலீன் உருண்டைகளைக் கைக்குழந்தை உள்ள வீட்டில் பயன்படுத்தாதீர்கள். சில குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் செங்கலங்களைச் சிதைத்து ஆபத்தை உண்டாக்கும்.

பாய்களை உதறி, இழை ஓடும் பக்கமாகத் துடைத்து, காலை வெய்யில் காட்டிச் சுருட்டி நிமிர்த்தி வையுங்கள். மடித்தால் மடிப்பிலேயே முறியும். பனையோலைப் பாய்க்கும் கிழக்கிலங்கையின் பன் பாய்க்கும் இது பொருந்தும்.

வீட்டில் பழைய ஏட்டுச் சுவடி இருந்தால் மட்டும், அதுவும் ஓலைதான் என்றாலும், இந்த முறைகள் எதையும் அதில் செய்து பார்க்காதீர்கள். உலர்ந்த இடத்தில், பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அனுபவம் உள்ளவர்களிடம் காட்டுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுவடிகளும் சேர்ந்தே எரிந்தன. வீடுகளில் மிஞ்சியிருப்பவை அருமையானவை.

கைத்தறியும் பின்னல் வேலையும்

மருதமுனைக் கைத்தறிச் சேலையை முதல் தடவை குளிர்ந்த நீரில் தனியே அலசுங்கள். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். நூலுக்குச் சாயம் காய்ச்சும்போது உப்புக்கு வேலை உண்டு. நெய்து முடித்த துணியில் உப்பால் பெரிய பயன் இல்லை. மென்மையான சவர்க்காரம், குறைந்த நேரம், உட்பக்கம் வெளியே தெரிய நிழலில் காயவைத்தல், இவைதான் நிறத்தைக் காக்கும்.

குரோஷே பின்னல்களுக்கு யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புப் பாறைக்குள் தோண்டப்பட்டவை. தண்ணீர் கடினமானது. சவர்க்காரம் நுரைக்காமல் சாம்பல் நிறப் படிவாக மாறி நூலில் தங்கும். "எவ்வளவு தோய்த்தாலும் வெள்ளை வரவில்லை" என்று குறைப்படுவது பெரும்பாலும் இதனால்தான். மாரியில் சுத்தமான வாளியில் மழைநீர் பிடித்து வைத்துப் பின்னல்களை அதில் அலசுங்கள். வித்தியாசத்தை நீங்களே காண்பீர்கள்.

முறுக்கிப் பிழியாதீர்கள். துவாயில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தால் நீண்டுவிடும். தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். ஊசி குத்தி வடிவம் பிடிப்பதானால் கறள் பிடிக்காத ஊசியாக இருக்கட்டும். கஞ்சி போட்ட நிலையில் நீண்ட காலம் வைக்க வேண்டாம். கரப்பானும் பூச்சிகளும் கஞ்சியைத் தேடி வந்து நூலையும் அரித்துவிடும். பத்திரிகைத் தாளில் சுற்றினால் மை ஒட்டும். தோய்த்த வெள்ளைத் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

கறையா, பொருளா?

சில காலத்துக்கு முன் ஓர் அம்மா ஒரு மேசை விரிப்பைக் கொண்டு வந்தார். அவருடைய தாயார் பின்னியது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும், அங்கிருந்து வன்னிக்கும் ஒரு பைக்குள் போய் வந்தது. நடுவில் பெரிய மண்ணிறக் கறை. மகளின் கலியாணத்துக்கு மணமக்களின் மேசையில் விரிக்க வேண்டும், எப்படியாவது வெள்ளையாக்கித் தாங்கோ ரீச்சர் என்று கேட்டார்.

குளோரின் வெளிற்றியில் போட்டால் கறை போகலாம். ஆனால் பழைய பருத்தி நூலை அது உக்கவைத்துவிடும். ஓரத்தில் ஒரு நூலை மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன், ஏற்கெனவே தளர்ந்திருந்தது. "கறை போகும், ஆனால் விரிப்பும் போகலாம். எது வேண்டும், நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வழியிலை ஒரு மரத்தடியிலை அம்மா இதை விரிச்சுத்தான் என்ரை கடைசிப் பிள்ளையைக் கிடத்தினவ. அந்த மண்தான் இது" என்றார். அந்தக் கடைசிப் பிள்ளைதான் இப்போது மணமகள்.

நுளம்பு வலைத் துண்டின் மேல் விரிப்பைப் பரப்பி, வலையோடு தூக்கித் தூக்கி, சிறிதளவு திரவச் சவர்க்காரம் கலந்த மழைநீரில் நான்கு தடவை ஊறவைத்தோம். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் பழுப்பாக இறங்கியது. பொதுவான மஞ்சள் நிறம் போய் நூல் தெளிந்தது. நடுக்கறை மங்கியது, ஆனால் போகவில்லை. அவர் அதை அப்படியே கொண்டுபோய்க் கலியாணத்தில் விரித்தார்.

துப்புரவு என்பது எல்லாக் கறையையும் போக்குவது என்று நாம் நினைக்கிறோம். சில பொருட்களுக்கு அழுக்கை எடுத்தாலே போதும். அடையாளத்தை விட்டுவிடலாம்.

செய்கின்ற சகோதரிகளுக்கு

ஓலை முழுவதும் காய்ந்த பின்பே இழைத்து முடிக்க வேண்டும், முடித்த பின்னும் இரண்டு நாள் காற்றில் விட வேண்டும். பொதி செய்யும்போது கடதாசி, துணிப்பை அல்லது காற்றுத் துளையுள்ள பெட்டி பயன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு பொருளோடும் ஒரு சிறு துண்டு வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நான்கு வரி போதும். பொலித்தீனில் வைக்க வேண்டாம். தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை காலை வெய்யில் காட்டுங்கள். ஈரமான நிலத்தில் வைக்க வேண்டாம்.

பெட்டிகள் திரும்பி வந்த அந்தத் தங்கைக்கு நாங்கள் முதலில் செய்து கொடுத்தது இந்தத் துண்டைத்தான். பழைய கடை திரும்பி வரவில்லை. ஆனால் வேறொருவர் அந்தத் துண்டைப் படித்துவிட்டு, "செய்தவருக்குத் தன் பொருளில் நம்பிக்கை இருக்கிறது" என்று சொல்லிக் கட்டளை தந்தார். இப்போது அவருடைய மூத்த மகளே துண்டுகளை எழுதுகிறாள்.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து இன்றுவரை எத்தனையோ பயிற்சிகள் எங்கள் பெண்களுக்குக் கிடைத்திருக்கின்றன. இழைக்கும் பயிற்சியோடு பேணும் பயிற்சியும் சேர வேண்டும் என்பதே எனது விருப்பம். ஒரு பனை வளர்ந்து பயன் தர ஏறக்குறைய 15 வருடங்கள் செல்லும். யுத்தத்தில் அழிந்த மரங்களுக்குப் பதிலாக நட்டவை முழுதாக வளரவும் காலம் வேண்டும். தொடர்ந்து குருத்து வெட்டினால் மரமும் தளரும். ஒரு பெட்டியைப் பத்து வருடம் பாவித்தால் அந்தளவுக்கு ஒரு மரம் ஓய்வு பெறும்.

இந்த வாரம் வீட்டிலுள்ள கைவேலைப் பொருட்களை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். பொலித்தீனில் இருப்பவற்றை விடுவியுங்கள். தூசி தட்டி, காலை வெய்யில் காட்டி, துணியில் சுற்றி வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதை யார் செய்தது, எங்கே வாங்கியது என்று சொல்லிக் கொடுங்கள். கதை தெரிந்த பொருளைப் பிள்ளைகள் எறிந்துவிட மாட்டார்கள்.